இடது பக்கத்துப் பெட்டி

மேஸ்திரி,

உன் டிரம்மின் இடது முனையில் பதினோரு சீசனாக மாட்டிக் கிடந்த கிரீஸ் பெட்டி இப்போது என் கடை மேஜையில் இருக்கிறது. காலையில் மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே விளிம்பு வரை தேன் நிறக் கிரீஸ். மேலே ஆடை படிந்த மாதிரி காய்ந்திருந்தது. விரலால் கீறியதும் அந்தப் பழைய வாசனை மேலே வந்தது. ஓசூர் கம்பெனியில் நீயும் நானும் ஒரே ஷிப்டில் இருந்தபோது சட்டையிலும் சாப்பாட்டு டப்பாவிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருமே, அதே வாசனை.

அந்தக் கிரீஸ் வாங்குவதை நான் இரண்டாவது வருடமே நிறுத்திவிட்டேன். பழம் கழுவும் இடத்துக்கு, சாப்பிடும் பொருளில் பட்டாலும் கெடுதல் இல்லாத வெள்ளைக் கிரீஸ்தான் போட வேண்டும் என்று தெரிந்த பிறகு உன் ஆலைக்கு வந்தது முழுக்க வெள்ளைதான். அப்படியென்றால் இந்தப் பெட்டிக்குள் இருப்பது முதல் நாள் நானே என் கையால் அடைத்தது. பதினோரு வருடத்தில் இதிலிருந்து ஒரு பொட்டுகூட பேரிங்குக்குள் போகவில்லை.

மூன்று வாரமாகத் தெரிந்த விஷயம்தான். இருந்தும் கண்ணால் பார்த்த பிறகு வியாபாரம் ஓடவில்லை. கடையில் இருந்தவர்களிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இதை வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன்.

நான் கம்பெனி வேலையை விட்டுவிட்டு பேரிங்கும் பெல்ட்டும் விற்க உட்கார்ந்த காலம் உனக்கு நினைவிருக்கும். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவனுக்கு இந்த ஊரில் உன்னைத் தவிர யாரைத் தெரியும்? சிப்காட்டுக்குப் பின்னால் பழைய இரும்புக் கடையில், ஏதோ வெளிநாட்டு மிஷினிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு பெட்டியைக் கண்டெடுத்தேன். ஒன்றே ஒன்றுதான் கிடந்தது. அதைப் பார்த்து லேத் பட்டறையில் அச்சு அசலாகச் செய்யவைத்தேன்.

பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. கையகல இரும்புப் பெட்டி, உள்ளே கிரீஸ், அதை மேலிருந்து அமுக்கும் ஒரு தட்டு. பக்கவாட்டில், ஒரு பக்கம் மட்டும் சரிந்த ரம்பப் பல் வைத்த சின்னச் சக்கரம். அச்சு ஒரு சுற்று சுற்றினால் அதில் இருக்கும் முளை ஒரு பல்லைத் தள்ளும், தட்டு மயிரிழை அளவு இறங்கும், துளி கிரீஸ் பேரிங்குக்குள் போகும். தட்டோடு சேர்ந்த கம்பி ஒன்று மூடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி இறங்கினால் கிரீஸ் குறைகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அவ்வளவுதான்.

நீ அப்போது காவேரிப்பட்டினம் ரோட்டில் மாங்கூழ் ஆலைக்கு மேஸ்திரியாகப் போய்விட்டாய். பழம் கழுவும் டிரம் ஒன்று இருந்தது. லாரி நீளம். நடுவில் அச்சு, இரண்டு முனையிலும் பேரிங். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது ஈரத்தில் ஏறி, ஓடுகிற டிரம்முக்குப் பக்கத்தில் குனிந்து கிரீஸ் கன்னால் அடிக்க வேண்டும். சீசனில் பெங்களூரா மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை நிற்கும். டிரம் அரை நாள் நின்றால் போதும், கடைசி டிராக்டரில் பழம் ஒழுக ஆரம்பித்துவிடும்.

பெட்டிகளைக் கொண்டுவந்து உன் முன் வைத்தேன். நீ ஒன்றைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாய்.

"என்ன மொதலாளி, இதுல லட்டு வச்சிருக்கியா?"

"கிரீஸ் மேஸ்திரி. தானா அடிக்கும். நீ ஏற வேணாம்."

"தானா அடிக்குமா? அப்ப எனக்குச் சம்பளம் யாரு குடுப்பா, உன் பொட்டியா?"

கிண்டல் செய்துகொண்டே மாட்டினாய். வலது முனையில் ஒன்று, இடது முனையில் ஒன்று. டிரம் ஓடியது. இரண்டு பக்கமும் டக் டக்கென்று சத்தம் கேட்டது. நான் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஆலை முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். ஒரு சீசன் நிற்காமல் ஓடட்டும், பிறகு இந்த ஜில்லாவில் இருக்கிற எல்லா ஆலைக்கும் நானே சொல்கிறேன் என்றார்.

சீசன் முடிந்த அன்று உனக்குப் போன் போட்டேன்.

"மேஸ்திரி, பொட்டி ஓடிச்சா?"

"டிரம் ஒரு நாளும் நிக்கல மொதலாளி."

நான் கேட்டது ஒன்று, நீ சொன்னது ஒன்று. பதினோரு வருடம் கழித்து இப்போதுதான் எனக்கு அது உறைக்கிறது. நீ என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பதிலை வைத்துத்தான் நான் வியாபாரம் கட்டினேன். பாரூர், குருபரப்பள்ளி, சூளகிரி தாண்டி, பதினேழு ஆலைகள். எல்லா டிரம்மும் கிருஷ்ணகிரியில் ஒரே பட்டறையில் செய்தவை, எல்லாம் ஒரே பக்கம் சுற்றுபவை. எங்கே போனாலும் உன் ஆலையைச் சொல்வேன். இத்தனை சீசன், ஒரு பேரிங் மாற்றவில்லை, போய்க் கேட்டுப் பாருங்கள் என்பேன். கேட்டவர்களுக்கும் நீ அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாய். டிரம் நிற்கவில்லை.

ஒரு தடவை பாரூர் ஆலைக்காரர், வலது பக்கத்துப் பெட்டிக்கு ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை கிரீஸ் நிரப்புகிறோம், இடது பக்கத்தில் கம்பி இறங்கவே இல்லையே என்று கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. "பழம் வந்து விழறது வலது பக்கம்ங்க. பாரம் அங்கதான். இடது பக்கம் சும்மா சுத்துது, அதனால சிக்கனம்" என்றேன். அவர் தலையாட்டினார். வாடிக்கையாளர் கேள்வி கேட்டால் வாயிலிருந்து பதில் வந்துவிட வேண்டும் என்று பழகிய வாய் இது. அன்று அந்த வாயை மூடிக்கொண்டு நாலு எட்டு நடந்து டிரம்மைப் பார்த்திருந்தால் போதும்.

இந்த ஜூன் மாதம் குருபரப்பள்ளியிலிருந்து போன் வந்தது. புது ஆலை. மேனேஜர் கோலார் பக்கத்துக்காரர், மிஷினைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள். நீ போன பிறகு நான் பெட்டி விற்ற ஒரே இடம் அதுதான். டிரம்மின் இடது பேரிங் பழுக்கக் காய்ந்து இறுகி, அச்சு தேய்ந்து, டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நான் போனபோது கேட்டுக்கு வெளியே முப்பது வண்டிக்கு மேல் நின்றன. ஒரு விவசாயி தன் டிராக்டர் மேல் ஏறி நின்று, அடியில் இருந்த பழத்தை மேலே புரட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட கொஞ்சம் தேவலை.

"ஏன் சார், நிம்ம பெட்டி தானா அடிக்கும்னு சொன்னீங்க. இப்ப யாருக்கு அடிச்சிருக்கு பாருங்க" என்றார் மேனேஜர்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. மாட்டியது சரியில்லை, கிரீஸ் சரியில்லை, பதினோரு சீசனாகக் காவேரிப்பட்டினத்தில் ஓடுகிறது என்று அடுக்கினேன். பழம் பொறுக்கும் பெண்கள் வேலை இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஓர் அம்மா எழுந்து வந்தாள்.

"ஏண்ணா, ஒண்ணு கேக்கறேன். அந்தக் கடைசியில இருக்கிற கம்பி தெனம் கொஞ்சம் எறங்கும், இவங்க நெரப்புவாங்க. இந்தப் பக்கத்து கம்பி வந்த நாள்ல இருந்து அப்படியேதான் நட்டுகினு நிக்குது. நான் இங்கதான உக்காந்துகினு இருக்கேன், தெனம் பாக்கறேன்."

"சத்தம் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"சத்தத்துக்குக் கொறச்சலே இல்ல. டக்கு டக்குன்னு மண்டைய ஒடச்சுது."

நான் டிரம்மின் வலது முனைக்குப் போய் நின்று, அச்சு சுற்றும் திசையைக் கையால் காற்றில் வரைந்தேன். பிறகு நடந்து இடது முனைக்கு வந்து வரைந்தேன். கை எதிர்த்திசையில் சுற்றியது. ஒரே அச்சுதான். இந்த முனையிலிருந்து பார்த்தால் வலமாகச் சுற்றுவது அந்த முனையிலிருந்து பார்த்தால் இடமாகச் சுற்றும். நான் இரண்டு முனைக்கும் ஒரே பெட்டியைச் செய்திருக்கிறேன். வலது பக்கம் முளை பல்லைத் தள்ளுகிறது. இடது பக்கம் அதே முளை பல்லின் சரிந்த முதுகில் ஏறி வழுக்கி இறங்குகிறது. சத்தம் மட்டும் வரும், கிரீஸ் வராது. அந்த வெளிநாட்டுக்காரன் வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று ஜோடியாகத்தான் செய்திருப்பான். பழைய இரும்புக் கடையில் எனக்குக் கிடைத்தது ஒன்று.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி வேணுமாண்ணா?" என்றாள்.

பதினேழு ஆலை, பதினோரு வருடம். எல்லா இடது பேரிங்கும் எப்பவோ எரிந்திருக்க வேண்டும். ஏன் எரியவில்லை? அங்கிருந்து நேராக உன் ஆலைக்கு வண்டியை விட்டேன்.

உன் இடத்தில் இப்போது இருப்பவர் உன்னோடு எட்டு வருடம் வேலை பார்த்த தர்மபுரிக்காரர். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஆமாண்ணா. வலது தானா அடிக்கும், எடது கைக்கு. அதான இந்தப் பொட்டி மொறை?"

"மொறையா? யார் சொன்னது?"

"மேஸ்திரிதான் சொல்லிக் குடுத்தாரு. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா எடது பக்கம் பேரிங் நிப்பிள்ல கன்ன வச்சு ரெண்டு அடி. எல்லாருக்கும் தெரியுமேண்ணா. பாரூர்ல அப்படித்தான், எல்லா எடத்துலயும் அப்படித்தான்."

"எனக்குத் தெரியாது."

அவர் சிரித்துவிட்டார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். "பொட்டி செஞ்ச ஆளே நீங்கதான். உங்களுக்குத் தெரியாம எப்படிண்ணா?"

அப்புறம்தான் அவர் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. புதிதாக ஓர் ஆலைக்குப் பெட்டி விற்றதும் சந்தோஷத்தில் உனக்குத்தான் முதலில் போன் போடுவேன். "எந்த ஊரு? அங்க பிட்டர் யாரு?" என்று கேட்பாய். பேச்சுக்குக் கேட்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த லீவு நாளில் உன் மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய், பிட்டரோடு டீ குடித்துவிட்டு, இடது பக்கம் கைக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். பதினாறு தடவை. தெலுங்குக்காரரிடம் தெலுங்கில், கன்னடக்காரரிடம் கன்னடத்தில். பதினேழாவது ஆலைக்குப் போக நீ இல்லை. கார்த்திகை மாதத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய்.

உன் சாவுக்கு வந்த பிட்டர்கள் நடுவில் நின்று நான் பேசியது இப்போது நினைவுக்கு வந்து கொல்கிறது. "என் பெட்டிய மொதல்ல நம்புன மனுசன்" என்று குரல் உடைந்து சொன்னேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். துக்கம் என்று நினைத்தேன்.

மூன்று நாள் உன் மேல் கோபமாக இருந்தேன், அதை ஒளிக்க விரும்பவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? பல்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, ஸ்பிரிங்கை மறுபக்கம் மாட்டினால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் பதினோரு சீசன் ஈரத்தில் ஏறி ஏறி அடித்திருக்கிறாய். என்னை முட்டாளாக வைத்துப் பார்ப்பதில் உனக்கு ஏதோ ருசி இருந்ததோ என்றுகூட நினைத்தேன். வியாபாரி புத்தி அப்படித்தான் போகும். நாலாவது நாள் மறுபடி போய் தர்மபுரிக்காரரிடமே கேட்டேன். மேஸ்திரி ஏன் அவரே சரி செய்யவில்லை?

அவர் பெட்டியைத் திருப்பிப் பக்கவாட்டு மூடியைக் காட்டினார். திருகுகளின் மேல் நான் பூசிய சிவப்பு அரக்கு. அதன் கீழே நான் அச்சடித்து ஒட்டிய சீட்டு. முத்திரையை உடைத்தால் கேரண்டி செல்லாது. வேறு யாரும் திறந்து பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாது என்று நான் செய்த ஏற்பாடு.

"ஒருக்கா ஸ்க்ரூடிரைவர் எடுத்துகினு வந்தாருண்ணா. இதப் பாத்துட்டு வச்சிட்டாரு. அவன் பூட்டுன பூட்ட நான் எதுக்கு ஒடைக்கணும், அவனே வந்து தொறக்கட்டும்னாரு."

அவனே வந்து. நீ என்னைக் கூப்பிட்டிருக்கிறாய், மேஸ்திரி. இரண்டாம் சீசன் தொடக்கத்தில் ஆலை முதலாளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்தேன். நீ படியில் நின்றிருந்தாய். "வா மொதலாளி, டிரம் பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம்" என்றாய். நான் அன்று புது வெள்ளைச் சட்டை. "அழுக்காயிடும் மேஸ்திரி, அடுத்த வாட்டி" என்று உள்ளே போய்விட்டேன். அதற்கு அடுத்த வருடமும் கூப்பிட்டாய், அப்போது எனக்கு அவசரம். மூன்றாவது தடவை நீ கூப்பிட்ட நினைவு எனக்கு இல்லை. எந்த மனிதனுக்கும் ரோஷம் இருக்கும்தானே. நீயும் நானும் ஒரே கிரீஸ் டின்னில் கைவிட்டவர்கள். மூன்றாம் தடவை கெஞ்ச உனக்கு என்ன தலையெழுத்து?

குருபரப்பள்ளிக்கு அச்சும் பேரிங்கும் என் செலவில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இடது பக்கத்துக்கென்று தனியாகப் பல்சக்கரம் செய்து ஆலை ஆலையாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, தப்பு என்னுடையது, பாதிப் பெட்டி ஒரு நாளும் வேலை செய்யவில்லை என்று சொல்கிறேன். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருவர் இனி என் கடைப் படி ஏற மாட்டேன் என்றார். அதற்கெல்லாம் தயாராகத்தான் போனேன்.

தயாராக இல்லாதது நேற்று பாரூரில் நடந்தது. போன வாரம் அங்கே இடது பெட்டியைத் திறந்து, சக்கரம் மாற்றி, கம்பி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நேற்று மறுபடி போனால் பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீல் பிதுங்கி, கிரீஸ் வழிந்துகொண்டிருக்கிறது. இன்னும் நாலு விரல் இறங்கினால் கழுவுகிற தண்ணீரில் விழும். அது பழத்தில் சேரும். பிட்டர் கையில் கிரீஸ் கன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், உன்னைப் போலவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற ஆள்.

"அதான் பொட்டியே அடிக்குதே, எதுக்கு நீங்க கையில அடிக்கறீங்க?"

"மேஸ்திரி அடிக்கச் சொல்லியிருக்காரு."

"அது முன்ன. இப்ப ரெண்டு பக்கமும் ஓடுது. ரெண்டும் சேந்தா சீல் போயிடும், பழத்துல கலக்கும்."

"ஓடட்டும்ணா. பதினோரு வருசமா ஓடுதுன்னுதான நீங்களும் சொல்லிகினு இருந்தீங்க."

அவர் குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார். கம்பியைக் காட்டினேன், சக்கரத்தைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். கன்னைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் அவரே கேட்டார்.

"இது நீங்க சொல்றதா, அவரு சொன்னதா?"

டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. பழம் விழும் சத்தம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விற்பதற்காக நான் சொன்ன பொய்கள் எத்தனையோ உனக்கே தெரியும். அதில் ஒன்றைச் சொல்லவும் நான் இப்படித் தயங்கியதில்லை.

"அவர் சொன்னதுதாங்க. போறதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொன்னார். பொட்டிய சரி பண்ணிட்டா, கைல அடிக்கறத நிறுத்திடணும்னு."

"அப்ப சரிண்ணா" என்று கிரீஸ் கன்னைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

நீ சொல்லாததை நீ சொன்னதாகச் சொல்லிவிட்டேன், மேஸ்திரி. என் வார்த்தைக்கு இந்தப் பக்கத்தில் இனி எடை இல்லை, உன் பெயரைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். இன்னும் ஆறு ஆலை பாக்கி இருக்கிறது. அங்கேயும் இதையேதான் சொல்வேன்.